துட்டி கேட்க வருவதும் பார்க்க வருவதும்

சினிமாக்காரர் வீட்டில் ஒரு சாவு விழுந்து, கேமராவை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் போதும், இரண்டு பதில்கள் வந்துவிடுகின்றன. ஒன்று பழையது: மக்கள் வளர்த்த கலைஞன், அவன் முகத்தைப் பார்க்க மக்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்று சமீப காலமாகப் படித்தவர்கள் வாயிலிருந்தே அதிகம் கேட்கிறது. தமிழனின் சாவு என்றைக்குமே தனிப்பட்ட விஷயமாக இருந்ததில்லையாம். பந்தல் போட்டு, பறையடித்து, ஊரைக் கூட்டி அழுத இனம் இது. கதவைச் சாத்திக்கொண்டு துக்கம் காப்பது மேல்நாட்டு நாகரிகம். கேமரா அந்தப் பந்தலின் நீட்சிதான் என்கிறார்கள். முதல் பதிலை நான் பெரிதாக மதிப்பதில்லை. இரண்டாவது அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, நம் துக்க மரபைத் தலைகீழாகப் புரிந்துகொண்டதால் வருவது.

பொது அஞ்சலியே கூடாது என்பது என் வாதம் அல்ல. 1969 பிப்ரவரியில் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்குத் திரண்டவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவானது. கணக்கு முன்பின் இருக்கலாம். ஆனால் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத மனிதருக்காகச் சோறு தண்ணியில்லாமல் ரயிலேறி வந்தவர்களின் அழுகையைப் போலி என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது. 2021 அக்டோபரில் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 46 வயதில் இறந்து, அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டபின், கர்நாடகத்தில் ஏராளமானோர் கண்தானத்துக்கு முன்வந்தார்கள். மூடி மறைப்பதிலும் ஆபத்து உண்டு. 2016இல் ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்த 75 நாட்களில் ஒரு படம்கூட வெளிவராததால் கிளம்பிய சந்தேகங்கள் விசாரணை ஆணையம் வரை போயின. ஆட்சியில் இருப்பவரின் உடல்நிலை நாட்டு விஷயம். அதை மறைத்தது தவறு. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மரபைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் ஒரு துட்டி வீட்டில் காலையிலிருந்து எடுப்பு முடியும்வரை இருந்திருக்கிறார்களா என்பதுதான் என் சந்தேகம். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சாவு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஊரே வரும், வாசல் திறந்துதான் கிடக்கும். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு வேலை உண்டு, ஒரு முறை உண்டு. பங்காளிகள் நீர்மாலை எடுக்கப் போவார்கள். சம்பந்தக்காரர்கள் கோடி கொண்டுவருவார்கள். பந்தல்காரரைப் பிடிக்க ஒருவர், வெளியூர்களுக்குத் தாக்கல் சொல்ல ஒருவர், சுடுகாட்டு ஏற்பாட்டுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். செத்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்தோ சொந்தக்காரர் வீட்டிலிருந்தோ காப்பியும் சோறும் வரும். வந்தவர்களை ‘வாங்க’ என்று யாரும் கூப்பிடுவதில்லை. போகிறவர்கள் ‘போயிட்டு வாறேன்’ என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். துட்டி வீட்டில் அப்படிச் சொன்னால் ஆகாது என்பார்கள் பெரியவர்கள். காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அதனால் கிடைக்கும் பலனைப் பாருங்கள். பறிகொடுத்தவள் எழுந்து யாரையும் உபசரிக்க வேண்டாம், யாரையும் வாசல்வரை வந்து வழியனுப்ப வேண்டாம். மனித உறவுகளிலேயே மிகச் சாதாரணமான அந்த இரண்டு கடமைகளிலிருந்தும் ஊர் அவளை விடுவித்துவிடுகிறது.

அழுகைக்கும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. வெளியூரிலிருந்து வந்த நாத்தனார் தெருமுனையில் இறங்கும்போதே குரல் எழும். உள்ளே போய், இறந்தவரின் மனைவி கழுத்தைக் கட்டிக்கொண்டு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடந்ததையெல்லாம் எடுத்து ஒப்பாரி வைப்பாள். இருக்கிற பெண்கள் தோள்மேல் கைபோட்டு வட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். வட்டத்துக்கு நடுவில் குனிந்திருப்பவளின் முகம் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான மனுஷி, பெரும்பாலும் பெரியம்மையோ அத்தையோ, “போதும் விடுங்கட்டி, காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல அவ” என்று ஓர் அதட்டுப் போடுவாள். வட்டம் கலையும். அரை டம்ளர் காப்பியை வாயோடு வைத்துப் புகட்டுவார்கள். அடுத்த ஆள் வரும்வரை அவள் சுவரில் சாய்ந்து கிடப்பாள். பொதுவில் அழுத இனம் என்று பேசுகிறவர்கள் ஒப்பாரியைப் பார்த்தார்கள், அந்தப் பெரியம்மையைப் பார்க்கவில்லை. அழவைக்க ஆள் இருந்ததுபோல, போதும் என்று நிறுத்தவும் ஆள் இருந்தது. இரண்டும் சேர்ந்ததுதான் நம் மரபு. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மரபென்று சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

கேமரா அந்த வட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வருகிறது. யூடியூப் சேனல்களின் வரவுக்குப் பிறகு நடந்த எந்தத் திரைக்கலைஞரின் சாவையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டியின் தலைமாட்டில் மனைவியும் பிள்ளைகளும். அவர்கள் தலைக்கு மேலே நீண்ட கைகளில் செல்போன்கள். சேனல் பெயர் ஒட்டிய மைக்குகள் பெட்டியின் ஓரத்தில் இடித்துக்கொண்டிருக்கும். மதில்மேல் நாலு பேர். பெரிய நடிகர் ஒருவர் காரிலிருந்து இறங்கியதும் அத்தனை கேமராக்களும் முட்டித் தள்ளிக்கொண்டு அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வீட்டுக்குள் வரும். அவர் மாலை போடுவார். இத்தனை நேரம் அடக்கிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண் பழகிய முகத்தைக் கண்டதும் உடைவாள். அந்த நொடிக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது ‘கதறித் துடித்த மனைவி, நெஞ்சை உருக்கும் காட்சி’ ஆகிவிடும். போதும் என்று சொல்லும் பெரியம்மைக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் அழுகை நின்றால் காட்சி நின்றுவிடும். அவள் அழாமல் கல்லாகச் சமைந்து உட்கார்ந்திருந்தாலும் தப்ப முடியாது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே என்று முன்பின் தெரியாதவர்கள் தீர்ப்பு எழுதுவார்கள்.

அப்படிக் காத்திருந்து எடுத்த காட்சிகளில் கடைசியில் மிஞ்சுவது எது என்பதையும் பார்க்க வேண்டும். பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 செப்டம்பர் 25இல் இறந்தார். மறுநாள் தாமரைப்பாக்கத்துப் பண்ணை வீட்டில் அடக்கம். அந்த நாளிலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியது, அஞ்சலி செலுத்த வந்த விஜய், நெரிசலில் கழன்று விழுந்த ரசிகர் ஒருவரின் செருப்பைக் குனிந்து எடுத்துக் கொடுத்த காட்சி. அவர் செய்தது நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஐம்பது ஆண்டுக்கும் மேலாக நம் வீடுகளுக்குள் பாடிக்கொண்டிருந்த ஒரு மனிதரை மண்ணில் வைத்த நாளை, செருப்பு விழுந்த நாளாக நினைவில் பதியவைத்தது எது? அங்கிருந்த கேமராக்களுக்கு இறந்தவர் மேல் அக்கறையில்லை. வந்தவர்கள் மேல்தான் கண்.

ஆனால் கேமராவோடு குற்றச்சாட்டை நிறுத்திக்கொண்டால் நாம் தப்பித்துக்கொண்டவர்களாவோம். யூடியூப் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தலைகீழ் மாற்றத்தை நாம் செய்துவிட்டோம். 1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். இறந்தார். ராஜாஜி ஹாலில் உடல் வைக்கப்பட்டது. அந்த இரண்டு நாட்களைப் பற்றித் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் ஒரே காட்சியைச் சொல்வார்கள்: தலைமாட்டில் நின்ற ஜெயலலிதா. முதல் நாள் 13 மணி நேரம், மறுநாள் 8 மணி நேரம் நின்றார் என்று அவரைப் பற்றிய எழுத்துக்களிலெல்லாம் இருக்கிறது. பீரங்கி வண்டியிலிருந்து அவர் தள்ளிவிடப்பட்டதும் இருக்கிறது. அந்த அவமானம் உண்மையானது, அந்தத் துக்கத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதே இரண்டு நாட்கள் எம்.ஜி.ஆரின் மனைவி ஜானகி அம்மையார் எப்படி இருந்தார்? என்ன சாப்பிட்டார், யார் பக்கத்தில் இருந்தார்கள்? நாம் கேட்டதே இல்லை. கூட்டத்தின் கண்ணுக்கு முன்னால் நின்ற துக்கம் வரலாறாயிற்று. புருஷனைப் பறிகொடுத்தவளின் துக்கம் அறைக்குள் இருந்ததால் இல்லாமலே போயிற்று. அத்தோடும் விடவில்லை. 1988 ஜனவரி 7இல், பதினாறாம் நாள் வருவதற்கு முன்பே, ஜானகியை முதலமைச்சராகப் பதவியேற்க வைத்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சட்டமன்றத்தில் அடிதடி, ஆட்சிக் கலைப்பு. ஊர் வழக்கப்படி காரியம் முடியும்வரை வாசல்படி தாண்டாமல் இருந்திருக்க வேண்டிய ஒரு பெண்ணை, அரசியல் அந்த நாட்களிலேயே மைக் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.

கலைஞர் கருணாநிதி மறைந்தபோது நிலைமை இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. 2018 ஆகஸ்ட் 7 மாலை உயிர் பிரிந்தது. அன்று இரவே மெரினாவில் இடம் கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கு. காலையில் ராஜாஜி ஹாலில் தந்தையின் உடலருகே நின்றபடி தீர்ப்பைக் கேட்டு ஸ்டாலின் குலுங்கி அழுதார். அதைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்பக் காட்டின. அதே நாளில், அதே இடத்தில், சுவரேறிக் குதிக்கிற தொண்டர்களை அமைதியாக இருக்கும்படி கெஞ்ச வேண்டிய பொறுப்பும் அவருடையதாயிற்று. நெரிசலில் இரண்டு பேர் செத்தார்கள். அப்பாவை இழந்து ஒரு நாள்கூட ஆகாத மகன் கூட்டத்தை ஒழுங்குபடுத்துகிறார் என்றால், அங்கே யார் யாருக்குத் துட்டி கேட்டார்கள்? அப்போது அவர் எழுதி வெளியிட்ட கடிதத்தில், வாழ்நாளெல்லாம் தலைவர் என்றே அழைத்துவந்த தந்தையை இந்த ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அதை உருக்கமான எழுத்து என்று எல்லோரும் பாராட்டினோம். ஒரு மகன் அந்தச் சொல்லுக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுமளவுக்கு அவருடைய அப்பாவை நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

அரசியல் குடும்பத்தார் இதற்கெல்லாம் துணிந்தவர்கள் என்று சொல்லலாம். பாடகர் குடும்பத்துக்கு என்ன பதில்? எஸ்.பி.பி. மருத்துவமனையில் இருந்த நாட்களில் அவருடைய மகன் சரண் ஏறக்குறைய தினமும் கேமரா முன்னால் வந்து அப்பாவின் உடல்நிலையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரல் எப்படி, நினைவு எப்படி, இன்று கண் திறந்தாரா. நல்ல சேதி இல்லாத நாளிலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வதந்தி கிளம்பும். இறந்த பிறகாவது விட்டார்களா? மருத்துவமனைக் கட்டணம் பாக்கி, அதனால் உடலைத் தர மறுத்தார்கள் என்று கதை கட்டினார்கள். அடக்கம் முடிந்த இரண்டாம் நாள் அந்த மகன் மருத்துவர்களோடு சேர்ந்து செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்து பணக் கணக்கு பேச வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஏப்ரலில் நடிகர் விவேக் இறந்தார். காவல்துறை மரியாதையோடு தகனம். மறுநாளே அவர் மனைவி செய்தியாளர்கள் முன்னால் வந்து அரசுக்கும் ஊடகத்துக்கும் ரசிகர்களுக்கும் நன்றி சொன்னார். பண்புள்ள பெண்மணி, சொன்னார். ஆனால் கணவரை எரித்து ஒரு நாள் முடிவதற்குள் நன்றி சொல்லக் கடமைப்பட்டவராக அவரை ஆக்கியது யார்? துட்டி வீட்டில் வழியனுப்பும் கடமைகூட இல்லை என்று வைத்த ஒரு சமூகத்தில், இது வழியனுப்புதல் அல்லாமல் வேறென்ன?

என் நெடுநாளைய ஆட்சேபம் இதுதான். ஊர்த் துட்டி வீட்டில் வீட்டார் துக்கத்தை ஊர் தாங்குகிறது. இங்கே ஊரின் துக்கத்தை வீட்டார் தாங்குகிறார்கள். பல்லாயிரம் பேர் தங்கள் மனச்சுமையை இறக்கிவைக்க வருகிறார்கள். இறக்கிவைக்கும் இடம், ஏற்கனவே முறிந்துபோன நாலைந்து மனிதர்களின் தோள். வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்ல, பெரும்பாலோர் உண்மையான பிரியத்தோடுதான் வருகிறார்கள். அதுதான் இதை எதிர்த்துப் பேசுவதைக் கடினமாக்குகிறது. பிரியத்தோடு வருகிறவனைத் தடுக்கிறவன் கல்நெஞ்சன் ஆகிவிடுகிறான். ஆனால் பிரியம் இருப்பதாலேயே ஒருவர் வீட்டுக்குள் நுழையும் உரிமை வந்துவிடாது. தெருவில் ஆயிரம் பேருக்கு ஒரு பெண்மேல் பிரியம் இருக்கலாம், அதற்காக அவள் வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா?

வாழும்போது வெளிச்சத்தை விரும்பினார்களே, இப்போது மட்டும் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். விரும்பியவர் போய்விட்டார். பெட்டியின் பக்கத்தில் பள்ளிச் சீருடை வயதில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த வெளிச்சத்தையும் கேட்கவில்லை. குடும்பமே சம்மதித்ததாகச் சொல்லும் இடங்களிலும் சம்மதித்தது பெரும்பாலும் ஒரு மேலாளர், அல்லது ஒரு மைத்துனர். அந்தப் பிள்ளையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேமராவை வெளியே நிறுத்தினால் மக்களை அவமதித்ததாகும் என்பதும் உண்மையில்லை. 2018 பிப்ரவரியில் துபாயில் ஸ்ரீதேவி இறந்தபோது இந்தியத் தொலைக்காட்சிகள் நடந்துகொண்ட விதம் நினைவிருக்கும். குளியல் தொட்டியை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். தெலுங்கு நிருபர் ஒருவர் தொட்டிக்குள் படுத்தே காட்டினார். சிவகாசிப் பக்கத்து மீனம்பட்டியில் பிறந்து, நம் கண் முன்னால் குழந்தை நட்சத்திரமாக வளர்ந்த பெண்ணுக்கு அந்த நிலை. அதையெல்லாம் தாங்கிக்கொண்ட குடும்பம், உடல் மும்பை வந்த பிறகு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மக்கள் வரலாம், செய்தியாளர்களும் அஞ்சலி செலுத்த வரலாம், கேமராவையும் பதிவுக் கருவிகளையும் வெளியே வைத்துவிட்டு வாருங்கள். பிப்ரவரி 28 அன்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். பிறகு ஊர்வலம் தெரு வழியாகவே போனது. யாருடைய அன்புக்கு அதில் குறை வந்தது?

சட்டம் கைகொடுக்கும் என்று எதிர்பார்ப்பதில் பயனில்லை. தனிப்பட்ட துக்கத்தின் தருணங்களுக்குள் புகுந்து படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. அந்த மன்றத்தின் அதிகாரம் அச்சு ஊடகத்தோடு நின்றுவிடுகிறது. தொலைக்காட்சிக்குப் பொருந்தாது, யூடியூபுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஜெயலலிதா வாழ்க்கைப் படம் தொடர்பாக அவருடைய அண்ணன் மகள் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுகளுக்கு வராது என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் எடுத்தது. இறந்தவரின் அந்தரங்கம் முடிந்துவிடலாம். உயிரோடு உட்கார்ந்து அழுகிறவரின் அந்தரங்கம் எப்படி முடியும்? அந்தக் கேள்வியை நாம் இன்னும் எந்த மன்றத்திலும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

ஆகவே இது ஏற்பாட்டால் தீர வேண்டியது. தீரும் என்பதற்குப் பெங்களூரே அத்தாட்சி. 2006இல் கன்னட நடிகர் ராஜ்குமார் இறந்தபோது அந்த நகரத்தில் மூண்ட வன்முறையில் ஒரு காவலர் உட்பட எட்டு உயிர்கள் போயின. 15 ஆண்டு கழித்து அவருடைய மகன் புனித் இறந்தபோது உடல் கண்டீரவா விளையாட்டரங்கத்துக்குப் போனது. லட்சக்கணக்கானோர் அங்கே பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து மகள் வந்து சேரும்வரை அடக்கம் தள்ளிவைக்கப்பட்டு, மூன்றாம் நாள் அதிகாலையில் முடிந்தது. கூட்டத்துக்கு ஓரிடம், குடும்பத்துக்கு ஒரு நேரம்.

இங்கே நமக்கும் மைதானங்கள் இருக்கின்றன, அரங்குகள் இருக்கின்றன. உடலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை அங்கே வைக்கலாம். கேமராக்கள் அங்கே நிற்கட்டும், வரிசையைக் காட்டட்டும், வருகிற நடிகர்களைக் காட்டட்டும். குடும்பம் அங்கே உட்கார்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். மாலையை வாங்கி வைக்கவும் பிரமுகர்களைக் கும்பிடவும் நடிகர் சங்கத்தில் ஆள் இல்லையா, தயாரிப்பாளர் சங்கத்தில் இல்லையா? வீடு இருக்கிற தெருவின் இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். அந்த வேலைக்குப் போலீஸைவிடப் பொருத்தமானவர்கள் ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள். நற்பணி மன்றம் என்று பெயர் வைத்து ரத்ததானம் செய்கிறார்கள், வெள்ளத்தில் சோறு கொடுக்கிறார்கள். துட்டி வீட்டில் பங்காளி செய்கிற வேலையும் அவர்களால் முடியும். இரண்டு பேர் தெருமுனையில் நின்று மைக்கோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பட்டும். ஒருவர் அந்த வீட்டுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடட்டும்.